கைமீரா: பொருளும் பயன்பாடும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஆங்கிலக் கற்பனைக் கதைகளிலும், உயிரியல் நுழைவுத்தேர்வுக் குறிப்புகளிலும், புற்றுநோய் மருத்துவமனைகள் தரும் அறிக்கைகளிலும் ஒரே சொல் வருகிறது: கைமீரா. கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை வட்டாரத்து மாணவர்களும், அவர்களுடைய பெற்றோரும், மொழிபெயர்ப்பில் ஈடுபட்டிருப்போரும் இச்சொல்லைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். ஒரு துறையில் பொய் என்று பொருள்படும் சொல், இன்னொரு துறையில் கண்ணெதிரே இருக்கும் உண்மையைக் குறிக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் படித்தால் கதையும் தவறாகப் புரியும், அறிக்கையும் தவறாகப் புரியும்.

கைமீரா என்பதன் நேர்ப்பொருள் என்ன?

கிரேக்கத் தொன்மத்தில் வரும் ஒரு விலங்கின் பெயர் இது. முன்புறம் சிங்கம், நடுவில் ஆடு, பின்புறம் பாம்பு, வாயிலிருந்து நெருப்பு. கிரேக்க மொழியில் இந்தச் சொல்லுக்குப் பெண் ஆடு என்பதே பொருள். மூன்று விலங்குகளில் எளியதான ஆட்டின் பெயர்தான் முழு விலங்குக்கும் நிலைத்தது.

இந்த மூலப்பொருளிலிருந்து ஆங்கிலத்தில் மூன்று கிளைகள் பிரிந்தன. பல விலங்குகளின் உறுப்புகள் சேர்ந்த எந்தக் கற்பனை உயிரையும் குறிப்பது முதலாவது. நடக்கவே முடியாத ஆசையையோ திட்டத்தையோ குறிப்பது இரண்டாவது. வெவ்வேறு கருவிலிருந்து வந்த செல்கள் ஒரே உடலில் வாழும் உயிரைக் குறிப்பது மூன்றாவது. வாக்கியத்தைப் பார்த்துத்தான் எந்தக் கிளை என்று முடிவு செய்ய வேண்டும்.

எப்படி உச்சரிக்க வேண்டும்?

கைமீரா. 'மீ' என்ற அசையில் அழுத்தம் விழும். chimera என்ற ஆங்கில எழுத்துகளைப் பார்த்து 'சிமேரா' என்று படிப்பவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. ஆனால் கிரேக்கத்திலிருந்து வந்த சொற்களில் ch என்ற எழுத்துகள் பெரும்பாலும் ககர ஒலியையே தரும். கெமிஸ்ட்ரி என்று சொல்கிறோமே, அதே ஒலி. தொன்ம விலங்கின் பெயராக வரும்போது ஆங்கிலத்தில் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக எழுதுவது வழக்கம். மற்ற பொருள்களில் சிறிய எழுத்தே போதும்.

அந்த விலங்கின் கதை என்ன?

ஹோமரின் இலியட் காவியத்தின் 6ஆம் பகுதியில் இது வருகிறது. லிசியா நாட்டு மன்னன், பெல்லரோஃபோன் என்ற வீரனைத் தன் கையால் கொல்ல மனமின்றி, போனால் திரும்ப முடியாத வேலையாகப் பார்த்து அனுப்புகிறான். அந்த வேலைதான் கைமீராவைக் கொல்வது. வீரன் கொன்றுவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறான். ஹெசியோட் என்ற கிரேக்கக் கவிஞர் எழுதிய தியோகனி என்ற நூலில் அவனுக்குப் பெகாசஸ் என்னும் சிறகு முளைத்த குதிரை துணையாகிறது. கைமீராவுக்கு மூன்று தலைகள் என்ற செய்தியும் அங்கே இருக்கிறது. ஈட்டி முனையில் ஈயத்தைப் பொருத்தி அதன் வாயில் செலுத்தினான், அதன் மூச்சிலிருந்த நெருப்பே ஈயத்தை உருக்கி அதைக் கொன்றது என்பது பிற்காலத்தார் சேர்த்தது.

இதன் உருவத்தைப் பார்க்க விரும்புவோர் தேட வேண்டியது 'அரெட்ஸோ கைமீரா' என்ற வெண்கலச் சிலையின் படத்தை. பண்டை இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர்கள் செய்த இச்சிலை 1553இல் இத்தாலியின் அரெட்ஸோ நகரில் மண்ணிலிருந்து கிடைத்தது. இன்று ஃபுளோரன்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிடரி சிலிர்த்து முன்கால்களை ஊன்றிப் பின்வாங்கி நிற்கும் சிங்கம். அதன் முதுகின் நடுவிலிருந்து எழும் ஆட்டுத் தலை. வளைந்து வந்து ஆட்டின் கொம்பைக் கவ்வும் பாம்பு வால். வால் மட்டும் 18ஆம் நூற்றாண்டில் சேர்த்த திருத்தம். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் கையாளும் மெழுகு வார்ப்பு முறையே இதற்கும் அடிப்படை என்பதால், சிலைத் தெருவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது எப்படிச் செய்யப்பட்டிருக்கும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

நெருப்பு கக்கும் விலங்கு என்ற எண்ணத்துக்கு ஏதேனும் அடிப்படை உண்டா?

உண்டு என்று பலர் கருதுகிறார்கள். லிசியா என்பது இன்றைய துருக்கியின் தென்மேற்குக் கடற்கரைப் பகுதி. அங்கே அன்டால்யா மாகாணத்தில் யானார்தாஷ் என்ற மலைச்சரிவில், பாறை இடுக்குகளிலிருந்து மீத்தேன் கசிந்து, பல சிறு தீச்சுடர்களாக நெடுங்காலமாக எரிந்துகொண்டிருக்கிறது. பழைய எழுத்தாளர்கள் கைமீரா மலை என்று குறித்தது இதைத்தான் என்று கொள்வோர் உண்டு. மீத்தேன் என்ற பெயரைப் போராட்டக் களங்களில் கேட்டுப் பழகிய டெல்டா வாசகருக்கு, நிலத்துக்கடியில் கிடக்கும் அந்த வாயு ஒரு காலத்தில் ஒரு பூதத்தின் மூச்சாகக் கருதப்பட்டிருக்கலாம் என்பதை நம்புவது கடினமாக இராது.

கைமீராவை 'யாளி' என்று மொழிபெயர்க்கலாமா?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். விரிவாகவே விடை சொல்ல வேண்டும்.

காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்குக் கூட்டுருவ விலங்குகள் புதியவை அல்ல. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தில் யாளிவரி ஓடுகிறது. திருபுவனம் கம்பகரேசுவரர் கோயிலில் சரபருக்குத் தனிச் சந்நிதியே உண்டு. இரணியனைக் கொன்ற பின்னும் தணியாத நரசிம்மத்தின் சினத்தை அடக்க, சிங்கமும் பறவையும் மனித உருவும் கலந்த வடிவில் சிவன் தோன்றினார் என்பது அத்தலத்தார் சொல்லும் வரலாறு. மனித முகமும் சிங்க உடலும் கொண்ட புருஷாமிருகத்தையும், பெண்முகம் கொண்ட காமதேனுவையும் வாகனமாகவே பார்த்திருக்கிறோம்.

உருவத்தை மட்டும் பார்த்தால், சிங்க உடலில் துதிக்கை பொருந்திய யாளி கைமீராவுக்கு உறவுபோலத் தோன்றும். ஆனால் சொல்லின் உணர்வு வேறு. கைமீரா ஊரை அழிக்கும் தீமை. வீரன் ஒருவன் கொல்வதற்காகவே கதையில் இருப்பது. யாளி அப்படிக் கொல்லப்படுவதில்லை. அது தூணில் நின்று மண்டபத்தைத் தாங்குகிறது, வாயிலைக் காக்கிறது. இலக்கியத்தில் அதன் இடம் இன்னும் உயர்வானது. பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார், வெண்ணிப் போரில் இரு பெருவேந்தரை வீழ்த்திய இளம் கரிகாலனை, தாய்ப்பால் குடி மறவாத ஆளிக்குருளை தன் முதல் வேட்டையிலேயே களிற்றைக் கொன்றதற்கு ஒப்பிடுகிறார். ஆளி என்பது யாளியின் பழைய வடிவம். வெண்ணி என்பது நீடாமங்கலத்துக்கு அருகிலுள்ள இன்றைய கோயில்வெண்ணி. தம் மன்னனுக்கு உவமையாகப் புலவர் தேர்ந்த ஒரு விலங்கின் பெயரை, கிரேக்கர்கள் ஒழிக்க நினைத்த பூதத்துக்குச் சூட்டுவது இரண்டு மரபுக்கும் செய்யும் அநீதி என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே கதையை மொழிபெயர்க்கும்போது கைமீரா என்ற பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, முதல் இடத்தில் மட்டும் 'சிங்கமும் ஆடும் பாம்பும் ஒன்றான விலங்கு' என்று ஒரு விளக்கத் தொடரைச் சேர்ப்பதே நல்லது. பொதுவாக எந்தக் கூட்டு விலங்கையும் குறிக்கும் இடங்களில் 'கூட்டுருவ விலங்கு' என்று எழுதலாம்.

தாராசுரத்தில் உள்ள யானை–காளை சிற்பம் கைமீராவா?

இல்லை. இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயிலில் உள்ள அந்தச் சிற்பத்தை ரிஷபகுஞ்சரம் என்பார்கள். எதிரெதிரே நிற்கும் இரண்டு உடல்களுக்கு ஒரே தலை. யானையின் உடலை உள்ளங்கையால் மறைத்தால் காளை தெரியும்; காளையின் உடலை மறைத்தால் அதே தலை யானையாகிவிடும். சுற்றுலா வழிகாட்டிகள் முதலில் காட்டுவதே இதைத்தான். இங்கே சிற்பி விளையாடுவது பார்ப்பவரின் கண்ணோடு. ஒரு நேரத்தில் ஒரு விலங்கைத்தான் நம்மால் காண முடியும். கைமீராவில் மூன்று விலங்குகளும் ஒரே நேரத்தில், ஒரே உடலில், தத்தம் அடையாளத்தை விடாமல் நிற்கின்றன. 'ஒரே நேரத்தில், ஒரே உடலில், தன் அடையாளத்தை விடாமல்' என்ற இந்த வரையறையை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் உயிரியல் பொருளும் எளிதாகப் பிடிபடும்.

அன்றாட ஆங்கிலத்தில் இச்சொல் எப்படிப் பயன்படுகிறது?

நாளிதழ் கட்டுரைகளில் பெரும்பாலும் உருவகமாகவே வரும். 'கடன் வாங்காமல், வரியும் போடாமல் எல்லாருக்கும் எல்லாம் தருவோம் என்பது ஒரு கைமீரா' என்ற போக்கில் ஆங்கிலத்தில் எழுதுவார்கள். அடைய முடியாததைத் தேடி அலைவதையும் 'கைமீராவைத் துரத்துதல்' என்பார்கள்.

இந்த இடத்தில் பலரும் 'கானல் நீர்' என்று தமிழாக்குகிறார்கள். தவறில்லை, ஆனால் இதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் இருக்கிறது: முயற்கொம்பு. கானல் நீர் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. முயலும் உண்மை, கொம்பும் உண்மை, இரண்டும் சேர்ந்தது மட்டும் உலகில் இல்லை; கைமீராவின் உருவகப் பொருளும் இதுவேதான். ஆகாயத்தாமரையும் இதே இனம். மனக்கோட்டை என்பது சற்று விலகி நிற்கிறது. அதில் கட்டுபவரின் ஆசைக்கு அழுத்தம் அதிகம், பொருந்தாதவற்றைப் பொருத்தும் குறிப்பு இல்லை.

கைமெரிக்கல், கைமெரிக் இரண்டும் ஒன்றா?

அகராதிகள் இரண்டையும் அருகருகே வைத்தாலும் பழக்கத்தில் பிரிந்துவிட்டன. கைமெரிக்கல் என்றால் வெறும் கற்பனையான, நடவாத என்று பொருள்; திட்டம், நம்பிக்கை, அச்சம் ஆகிய சொற்களோடு சேரும். கைமெரிக் என்பது இன்று பெரும்பாலும் அறிவியல் சொல். செல், புரதம், மரபணு ஆகியவற்றோடு சேரும். ஒரு மருந்தைக் 'கைமெரிக்' என்று சொல்லும் ஆங்கிலக் குறிப்பைத் தமிழில் 'கற்பனையான மருந்து' என்று எழுதிவிட்டால் படிப்பவர் மருந்தையே சந்தேகிப்பார். இந்தப் பிழை மட்டும் நேரக் கூடாது.

உயிரியலுக்குள் இச்சொல் எப்படி வந்தது?

1907இல் ஹான்ஸ் விங்க்லர் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் தக்காளியையும் மணத்தக்காளியையும் ஒட்டுக்கட்டினார். நம் வீடுகளில் வத்தல் போடும் அதே மணத்தக்காளி இனம். ஒட்டின் இணைப்பை வெட்டிய இடத்திலிருந்து துளிர்த்த ஒரு தண்டு வியப்பாக இருந்தது: ஒரு பக்கம் தக்காளி இலை, மறுபக்கம் மணத்தக்காளி இலை. இரண்டும் கலந்து மூன்றாவது ஒன்றாக மாறவில்லை. ஒரே தண்டில் பக்கம் பிரித்துக்கொண்டு வளர்ந்தன. அதற்கு அவர் தொன்மத்திலிருந்து எடுத்துச் சூட்டிய பெயர் கைமீரா.

நாற்றுப் பண்ணையில் வாங்கும் ஒட்டு மாங்கன்று அந்தக் குறுகிய பொருளில் கைமீரா ஆகாது. அதில் வேர்ச்செடி கீழேயும் ஒட்டுக்குச்சி மேலேயும் தனித்தனியே நிற்கின்றன. இரண்டு திசுக்களும் சேர்ந்து ஒரே கிளையாக எழுவதில்லை.

கலப்பினத்துக்கும் கைமீராவுக்கும் என்ன வேறுபாடு?

தேர்வெழுதும் மாணவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. கலப்பினத்தில் தாயும் தந்தையும் வெவ்வேறு வகை. ஆனால் கரு ஒன்றே. ஆகவே உடலின் ஒவ்வொரு செல்லிலும் இருவரின் மரபும் கலந்தே இருக்கும். கைமீராவில் இரண்டு கருக்களின் செல்கள் ஒரே உடலில் சேர்ந்து வாழும். ஒரு செல் அந்தக் கருவைச் சேர்ந்தது, பக்கத்துச் செல் இந்தக் கருவைச் சேர்ந்தது.

1960களில் தஞ்சை மாவட்டமெங்கும் பரவிய ஆடுதுறை 27, ஜப்பானிய நெல்லையும் நம் நெல்லையும் இணைசேர்த்து உருவாக்கிய ரகம். அதன் ஒவ்வொரு மணியிலும் இரண்டின் மரபும் உண்டு. அது கலப்பு. ஒரு ரகம் நட்ட வயலில் வேறு ரகத்தின் கதிர்கள் ஊடே எழுந்து நின்றால் கலவன் விழுந்துவிட்டது என்கிறோம். வயல் ஒன்று, ஆனால் ஒவ்வொரு கதிரும் தன் ரகம் மாறாமல் நிற்கிறது. கைமீராவின் உடல் அந்த வயலைப் போன்றது.

விலங்குகளில் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் செம்மறியாட்டின் கருவையும் வெள்ளாட்டின் கருவையும் தொடக்க நிலையிலேயே சேர்த்து உருவாக்கிய குட்டி. 1984இல் வெளியான இவ்வாய்வின் விலங்கை 'கீப்' என்று அழைத்தார்கள். செம்மறியின் செல்கள் வளர்ந்த தோலில் கம்பளி மயிர், வெள்ளாட்டின் செல்கள் வளர்ந்த தோலில் நேர்மயிர் என்று திட்டுத்திட்டாக அதன் உடல் இருந்தது. செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் இயற்கையாக இணைசேர்ந்து அரிதாகப் பிறக்கும் குட்டி வேறு; அது கலப்பினம்.

மொசைக் என்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை. மொசைக்கில் தொடங்கிய கரு ஒன்றே. வளரும்போது சில செல்களில் மட்டும் மரபு மாற்றம் ஏற்பட்டு, இருவகைச் செல்கள் உண்டாகின்றன. கைமீராவில் தொடக்கமே இரண்டு. விலங்கியல் கேள்விகளுக்கு இவ்வளவு போதும். தாவரவியலில் மட்டும் இந்த எல்லை அவ்வளவு கறாராகப் பின்பற்றப்படுவதில்லை.

நம் வீட்டில் கைமீராவைப் பார்க்க முடியுமா?

முடியும். இலையோரம் மஞ்சள் கரை ஓடும் ஸ்னேக் பிளான்ட் தொட்டி இல்லாத திண்ணை இப்போது குறைவு. அந்த மஞ்சள் கரையும் நடுவிலுள்ள பச்சையும் மரபில் வேறுபட்ட திசு அடுக்குகள். இலையைத் துண்டாக நறுக்கி மண்ணில் ஊன்றினால் புதுக்கன்று வரும். ஆனால் மஞ்சள் கரை வராது, முழுப்பச்சையாகவே எழும். கிழங்கோடு பிரித்து வைத்தால் கரை மாறாமல் வரும். பச்சையாகிவிட்டதே என்று உரத்தையோ வெயிலையோ குறைசொல்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாட்டுக் கொட்டகையிலும் உண்டு. பசு இரட்டைக் கன்று ஈன்று, ஒன்று காளையாகவும் மற்றது கிடாரியாகவும் இருந்தால், அந்தக் கிடாரி பெரும்பாலும் சினை பிடிக்காது. கருப்பையில் இரண்டின் நஞ்சுக்கொடி இரத்தக் குழாய்களும் இணைந்து, காளைக் கன்றின் ஹார்மோன்களும் இரத்தச் செல்களும் கிடாரிக்குள் சென்றுவிடுவதே காரணம். இப்படிப் பிறந்தவற்றில் 90 விழுக்காட்டுக்கு மேல் மலடாகவே இருக்கும். அதன் இரத்தத்தில் உடன்பிறந்த காளையின் செல்கள் வாழ்நாள் முழுதும் இருக்கும். இரத்த அளவில் அது ஒரு கைமீரா. இதற்காகப் பசுவையோ கன்றையோ ராசியில்லாதது என்று பேசுவதில் நியாயமில்லை. கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே காட்டிவிட்டால், சினைக்காகக் காத்திருந்து செலவழிக்காமல் தப்பிக்கலாம்.

கைமீரா என்று ஒரு மீனும் இருக்கிறதாமே?

ஆம். சுறா, திருக்கை ஆகியவற்றைப் போலக் குருத்தெலும்பு கொண்ட ஆழ்கடல் மீன் வகை. பெரிய கண்ணும் நீண்டு மெலிந்த வாலுமாகப் பல மீன்களின் உறுப்புகளைச் சேர்த்ததுபோல் தோன்றுவதால் இப்பெயர். மற்றபடி அதன் உடலில் இரண்டு மரபு எதுவுமில்லை.

மருந்துகளின் விளக்கத்தில் இச்சொல் ஏன் வருகிறது?

ஒருபகுதி எலியின் புரத வடிவமும் மறுபகுதி மனிதப் புரத வடிவமும் கொண்ட எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) மருந்துகளைக் கைமெரிக் என்பார்கள். நிணநீர்ப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ரிடுக்சிமாப் அத்தகையது. பெயரின் ஈற்றில் வரும் 'சிமாப்' அதற்கான குறியீடு. நோய்ச் செல்லைத் தேடிப் பற்றும் நுனி எலியுடையது. மனித உடல் அந்நியமாகக் கருதாதபடி, மீதமுள்ள பெரும்பகுதி மனித வடிவம்.

புற்றுநோய்க்கான கார்–டி (CAR-T) சிகிச்சையின் பெயரிலும் முதல் எழுத்து கைமெரிக் என்பதையே குறிக்கிறது. நோயாளியின் இரத்தத்திலிருந்து டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து, புற்றுநோய்ச் செல்லை அடையாளம் காணும் ஏற்பி ஒன்றை அவற்றில் பொருத்தி, மீண்டும் உடலுக்குள் செலுத்துகிறார்கள். அந்த ஏற்பியின் வெளிப்பகுதி எதிர்ப்பொருளிலிருந்தும், உட்பகுதி டி செல்லின் தூண்டல் கருவியிலிருந்தும் எடுத்து இணைக்கப்பட்டது; அதனால்தான் இப்பெயர். இந்தியாவில் உருவான முதல் கார்–டி சிகிச்சைக்கு, ஐ.ஐ.டி. பம்பாயில் தொடங்கிய ஆய்வின் பயனாக, 2023இல் ஒப்புதல் கிடைத்தது.

எலும்பு மஜ்ஜை மாற்றிய பின் வந்த அறிக்கையில் 'கைமெரிசம்' என்று இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பயப்பட வேண்டியதில்லை, அது ஒரு புதிய நோயின் பெயர் அன்று. மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு நோயாளியின் இரத்தச் செல்களில் எத்தனை விழுக்காடு கொடையாளியுடையவை என்று அளக்கும் சோதனை அது. அந்த விழுக்காடு நூற்றை ஒட்டி இருந்தால் 'முழுக் கைமெரிசம்' என்று எழுதுவார்கள். தம்பி கொடுத்த மஜ்ஜை அண்ணனின் எலும்பில் நன்றாக வேர்பிடித்துவிட்டது என்று அதற்குப் பொருள். இருவர் செல்களும் கலந்திருந்தால் 'கலப்புக் கைமெரிசம்'. அது எந்த நோய், எத்தனை மாதம் ஆகிறது என்பதைப் பொறுத்து மருத்துவர் அடுத்த முடிவை எடுப்பார். அகராதியைப் புரட்டி 'பூதம்', 'பொய்த்தோற்றம்' என்ற பொருள்களைக் கண்டு கலங்கும் குடும்பங்கள் இருப்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நடைமுறையில் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இருவரின் இரத்த வகையும் வேறாக இருந்திருந்தால், நாளடைவில் நோயாளியின் இரத்த வகை கொடையாளியின் வகையாக மாறிவிடும். இரத்த மாதிரியில் மரபணுச் சோதனை செய்தால் கொடையாளியின் அடையாளமே தெரியும். மயிர்க்காலில் செய்தால் நோயாளியின் சொந்த அடையாளம் தெரியும். ஆகவே பிற்காலத்தில் எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும், எந்த மரபணுச் சோதனைக்கு மாதிரி கொடுத்தாலும், மஜ்ஜை மாற்றிய ஆண்டையும் கொடையாளியின் இரத்த வகையையும் முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.